பட்டனை அழுத்திப் பார்த்து வாங்குங்கள்: டூப்ளிகேட் குரோனோவும் அதே காசுக்குக் கிடைக்கும் மற்றவையும்

"டேடோனா மாதிரி ஒண்ணு வேணும்ணா, ஃபர்ஸ்ட் காப்பி எடுக்கலாமா?" டேடோனா என்பது ரோலெக்ஸின் பெயர்பெற்ற வாட்ச், அதைப் பார்த்துச் செய்த டூப்ளிகேட்டைத்தான் ஃபர்ஸ்ட் காப்பி என்கிறார்கள். பழைய வண்ணாரப்பேட்டையில் என் ரிப்பேர் மேஜைக்கு முன்னால் நின்று இதைக் கேட்பவர்கள் இரண்டு வகை. ஒன்று, கல்யாணச் சீரில் மாப்பிள்ளைக்கு வாட்ச் வைத்தாக வேண்டிய பெண் வீட்டார். இன்னொன்று, போனில் படம் பார்த்துப் பார்த்து ஆசைப்பட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் காசு சேர்த்து வைத்திருக்கும் தம்பிகள். இரண்டு பேருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: நேரம் மட்டும் காட்டுகிற வாட்சில் டூப்ளிகேட் எடுப்பது வேறு, குரோனோகிராஃபில், அதாவது நிறுத்துக் கடிகாரமும் சேர்ந்த வாட்சில், எடுப்பது வேறு. மூன்று முள் வாட்சுக்குள் ஏதோ ஒரு சாதாரண மெஷினைப் போட்டு மூடினால் அதுபாட்டுக்கு ஓடும். குரோனோவில் அப்படி இல்லை. அங்கே கடிகாரத்தின் மேலேயே இன்னொரு இயந்திரம் ஏறி உட்கார்ந்திருக்கிறது. தொடங்கு, நில், பூஜ்ஜியத்துக்குத் திரும்பு என்ற மூன்று வேலைக்காக லீவர்கள், முடி போன்ற ஸ்பிரிங்குகள், இதய வடிவத் தகடுகள், அந்தத் தகடுகளின் மேல் வந்து அடிக்கும் ஒரு சுத்தியல். டூப்ளிகேட் செய்கிறவர் காசைப் போடுவது டயலிலும் செயினிலும். மிச்சம் பிடிப்பது இந்த லீவர்களில். அதனால் விலைப்பட்டியலையும் போட்டோவையும் தள்ளி வைத்துவிட்டு, பட்டனை அழுத்தினால் உள்ளே என்ன நடக்கிறது என்ற இடத்திலிருந்து இந்த ஒப்பீட்டைத் தொடங்குகிறேன்.

முதலில் அடிமட்டம். பீச் ஸ்டேஷனுக்கு எதிரே பர்மா பஜார் வரிசையில் ஆயிரத்து ஐநூறிலிருந்து மூவாயிரம் வரை கேட்டு, பேரம் பேசினால் பாதிக்கு வருகிற ரகம். இதில் பெரும்பாலானவை குரோனோவே கிடையாது. கண்டுபிடிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. நடுவில் இருக்கும் நீளமான வினாடி முள் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறதா? அப்படியென்றால் பெரும்பாலும் அது குரோனோ இல்லை. உண்மையான குரோனோவில் அந்த நீள முள் 12-இல் சும்மா நிற்கும், நீங்கள் அழுத்தும்போதுதான் கிளம்பும். வழக்கமான வினாடியைப் பெரும்பாலும் சின்ன டயல் ஒன்று காட்டும். அடுத்து மேல் பட்டனை அழுத்துங்கள். சின்ன டயலில் இருக்கும் முள் ஒரு கட்டம் தள்ளி நகர்ந்தால் அது கிழமையையோ தேதியையோ மாற்றும் பட்டன், நிறுத்துக் கடிகாரம் அல்ல. சிலவற்றில் பட்டன் அழுந்தவே அழுந்தாது, ஒட்டி வைத்தது. பிறகு வாட்சைத் திருப்பி பின்மூடியைப் படியுங்கள். 'ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் பேக்' என்று எழுதியிருந்தால், மூடி மட்டும்தான் ஸ்டீல் என்று அதுவே ஒப்புக்கொள்கிறது. கேஸ் பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் வார்த்து முலாம் பூசியது. முலாம் வியர்வையில் உரிந்ததும் கீழே இருக்கும் நிக்கல் தோலில் படும், சிலருக்கு மணிக்கட்டில் அரிப்பு வருவது அதனால்தான். இந்த ரகத்தைப் பற்றி இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. ஒரு கல்யாண ரிசப்ஷனுக்குப் போட்டுக்கொண்டு போகலாம் என்பார்கள். அதற்குக்கூட நான் வேண்டாம் என்பேன்.

உண்மையில் குழப்பம் வருவது அடுத்த தட்டில்தான். இருபதாயிரத்துக்கு மேல் 'ஆட்டோமேட்டிக், 7750 மெஷின், ஒரிஜினல் மாதிரியே' என்று சொல்லி விற்கிறார்களே, அது. இதில் உண்மையும் இருக்கிறது, அதனால்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். வல்ஜூ 7750 என்பது 1970களின் நடுவில் சந்தைக்கு வந்த சுவிஸ் மெஷின். எட்மண்ட் காப்ட் வடிவமைத்தது. விலை குறைவாகச் செய்ய வேண்டும், நிறையச் செய்ய வேண்டும் என்பதையே நோக்கமாக வைத்துச் செய்த நல்ல பொறியியல் அது. அதற்கு முந்தைய உயர்தரக் குரோனோக்களில் கட்டளைகளைப் பிரித்துக் கொடுக்க ஒரு தூண் சக்கரம் இருக்கும், அதைக் கடைந்து எடுப்பது செலவு. 7750-இல் அதற்குப் பதில் தகட்டில் வெட்டிய ஒரு கேம், அதாவது திரும்பும்போது லீவரைத் தள்ளும் வளைவுத் தகடு. குரோனோவை ஓடும் சக்கரத்தோடு சேர்ப்பதற்கு, இரண்டு முனையிலும் பல் வைத்த ஒரு சிறிய அச்சு சாய்ந்து வந்து கடிக்கும். எட்வர்ட் ஹாயர் 1887-இல் காப்புரிமை வாங்கிய யோசனை. ப்ரைட்லிங்கும் டாக் ஹாயரும் பல ஆண்டுகள் இந்த மெஷினை அடிப்படையாக வைத்தே வாட்ச் விற்றன. சீனாவில் இதன் நகலை நிறையச் செய்கிறார்கள், அடிப்படை வடிவம் உறுதியானது என்பதால் நகலும் ஓடத்தான் செய்கிறது.

சரி, பிறகு எங்கே இடிக்கிறது? இடம் மாறுவதில்தான். 7750-இல் ஓடும் வினாடி 9 மணிப் பக்கம், நிமிடக் கணக்கு 12-இல், மணிக் கணக்கு 6-இல். இன்றைய டேடோனாவில் ஓடும் வினாடி 6-இல், நிமிடம் 3-இல், மணி 9-இல். டேடோனா முகத்தை 7750 நகலின் மேல் ஒட்ட வேண்டுமென்றால் டயலுக்குக் கீழே கூடுதல் பல்சக்கரங்களை வைத்து முட்களை வேறு இடத்துக்குக் கடத்த வேண்டும். மூல வடிவமைப்பில் இல்லாத சக்கரங்கள் அவை. அவற்றுக்கு அச்சைத் தாங்கும் மாணிக்கக் கல் கிடையாது, சரியான இடைவெளி கிடையாது, ஆனால் ஒவ்வொன்றும் தன் பங்குக்கு உராய்கிறது. என் மேஜையில் நின்றுபோய் வருகிற டேடோனா காப்பிகளைத் திறந்தால் பெரும்பாலும் மெஷின் நன்றாகத்தான் இருக்கும், இந்தக் கூடுதல் அடுக்கில்தான் சிக்கியிருக்கும். 9-இலேயே வினாடி காட்டுகிற மாடலின் காப்பி இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். அப்புறம் தடிமன். 7750 மட்டுமே 7.9 மில்லிமீட்டர். அதன் மேல் இந்த அடுக்கும் டயலும் கண்ணாடியும் வந்தால் வாட்ச் சட்டைக் கைக்குள் போகாமல் நிற்கும். ஒரிஜினல் டேடோனா மொத்தமே 12 மில்லிமீட்டர் வாக்கில்தான். பக்கவாட்டிலிருந்து ஒரு முறை பார்த்தாலே விவரம் தெரிந்தவருக்குப் புரிந்துவிடும்.

இதை விடப் பெரிய பிரச்சினை எண்ணெய். புதிதாக வந்த நகல் மெஷினைப் பிரித்துப் பார்த்தால் ஒரு கல்லில் எண்ணெய் குளம் கட்டி நிற்கும், பக்கத்துக் கல் காய்ந்து கிடக்கும். டைம்கிராஃபரில், அதாவது மெஷினின் துடிப்பைக் கேட்டு அளக்கும் கருவியில், வைத்தால் இது நம்பராகத் தெரியும்: நல்ல மெஷின் முழுச் சாவியில் 270லிருந்து 300 டிகிரி வரை வீச்சு (உள்ளே ஆடும் சக்கரம் திரும்பும் கோணம்) காட்டும், குரோனோவை ஓடவிட்டால் இருபது முப்பது டிகிரி இறங்கும், அது இயல்பு. நான் பார்க்கும் நகல்களில் சில, குரோனோவை ஓடவிட்டதும் 200-க்குக் கீழே போய்விடுகின்றன. அந்த நிலையில் வாட்ச் ஒழுங்காக நேரம் காட்டாது. அதாவது எதற்காக அந்த வாட்சை வாங்கினாரோ அந்த வேலையைச் செய்யச் சொன்னால்தான் அது தடுமாறுகிறது. விற்பவர் குரோனோவை ஐந்து வினாடி ஓட்டிக் காட்டிவிட்டு நிறுத்துவார். நீங்கள் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். நிமிட முள் ஒழுங்காகத் தாவுகிறதா, பூஜ்ஜியத்துக்குத் திரும்பும்போது நீள முள் சரியாக 12-இல் நிற்கிறதா, இல்லை அரை வினாடி தள்ளி நிற்கிறதா என்று பாருங்கள். தள்ளி நின்றால் முள்ளின் துளை தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். சுத்தியல் ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் இன்னும் தளரும். ரோட்டர் (கை அசைவில் சுழன்று சாவி ஏற்றும் எடை) ஒரு பக்கம் சுற்றும்போது கையில் அதிர்ந்தால் அதைக் குறையாக எண்ண வேண்டாம், 7750 ஒரு திசையில்தான் சாவி ஏற்றும், மறு திசையில் தடையில்லாமல் சும்மா சுழலும், ஒரிஜினலிலும் அப்படித்தான்.

இதற்கும் மேலே, நாற்பது ஐம்பதாயிரம் கேட்கிற தட்டு ஒன்று இருக்கிறது: '4130 குளோன்'. ரோலெக்ஸ் 1988லிருந்து செனித் மெஷினை மாற்றியமைத்து டேடோனாவில் போட்டு வந்தது. 2000-இல் தன் சொந்த 4130-ஐக் கொண்டுவந்தது, 2023-இல் அது 4131 ஆனது. 4130-இல் தூண் சக்கரமும் செங்குத்து கிளட்சும் உண்டு, 72 மணி நேரம் ஓடும். செங்குத்து கிளட்ச் என்பது ஸ்கூட்டர் கிளட்ச் மாதிரிதான்: பல் பல்லோடு மோதுவதில்லை, ஒரு தட்டு இன்னொரு தட்டின் மேல் அழுந்தி ஒட்டிக்கொண்டு சேர்ந்து சுற்றும். அதனால் முள் துள்ளாமல் கிளம்புகிறது, குரோனோவை ஓடவிட்டாலும் வீச்சு அதிகம் இறங்குவதில்லை. இந்த அமைப்பைச் சீனத்தில் நகல் எடுத்திருக்கிறார்கள், உண்மையாகவே நன்றாக எடுத்திருக்கிறார்கள், சின்ன டயல்கள் கூடுதல் சக்கரம் இல்லாமலே சரியான இடத்தில் வருகின்றன, தடிமனும் ஒரிஜினலுக்கு நெருக்கம். பட்டனை அழுத்தும்போது விரலுக்குத் தெரியும் அந்த ஒரே சீரான 'டக்' கூட வருகிறது. இதைச் செய்த கைகளின் திறமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனாலும் வேண்டாம் என்கிறேன். செங்குத்து கிளட்ச் முழுவதும் அழுத்தத்தையும் பரப்பின் தரத்தையும் நம்பி நிற்பது. ஸ்பிரிங் சற்றே தளர்ந்தாலோ, படக்கூடாத இடத்தில் எண்ணெய் பட்டாலோ வழுக்கும். முள் கிளம்பும், ஆனால் பின்தங்கும். அதைச் சரிசெய்ய உதிரிப்பாகம் வேண்டும். பெயரில்லாத மெஷினுக்கு யார் உதிரிப்பாகம் தருவார்? பாரிமுனைச் சந்துகளில் 7750 சாமான் கேட்டால் எங்காவது ஒரு டப்பாவிலிருந்து எடுத்துத் தருவார்கள். 4130 நகலுக்கு இன்னொரு 4130 நகலை வாங்கிப் பிரித்தால்தான் உண்டு. அதிகாரப்பூர்வ சேவை மையம் டூப்ளிகேட்டைத் தொடாது. பில் இல்லை, வாரண்டி இல்லை. சட்டத்திலும் இது சின்ன விஷயம் இல்லை: 1999 வணிகக் குறிகள் சட்டப்படி போலி முத்திரைப் பொருளை விற்பவருக்கு ஆறு மாதத்திலிருந்து மூன்று ஆண்டு வரை சிறை, ஐம்பதாயிரத்திலிருந்து இரண்டு லட்சம் வரை அபராதம். வெளிநாட்டிலிருந்து பார்சலில் வரவழைத்தால் சுங்கத்தில் பிடித்து வைத்துக்கொள்ளலாம், போன காசு போனதுதான். ஐம்பதாயிரம் ரூபாயை அப்படி ஒரு நிலையில் வைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

மெஷினை விட்டு வெளியே வந்தால் நம் ஊருக்கு முக்கியமானது தண்ணீரும் உப்பும். மே மாதத்தில் திருவொற்றியூர் பக்கம் பைக்கில் ஒரு சுற்று போய் வந்தால் கைக்கடிகாரத்தின் அடியில் வியர்வை ஓடும், கடல் காற்று வேறு. சாதாரண வாட்சுக்குத் தண்ணீர் நுழைய மூன்று வழி: கண்ணாடி, பின்மூடி, பக்கவாட்டில் திருகும் சாவி. குரோனோவுக்கு இன்னும் இரண்டு கூடுதல், அதாவது இரண்டு பட்டன். காசிமேட்டில் மீன் ஏலத்தில் நிற்கிற அண்ணன் ஒருவர் கொண்டுவந்த காப்பியில் கீழ் பட்டன் உள்ளே போய் வெளியே வரவில்லை. கழற்றினேன். பட்டன் தண்டு செல்லும் குழாய் முழுக்கப் பச்சைக் களிம்பு. ஸ்பிரிங் அதில் புதைந்து கிடந்தது. இருக்க வேண்டிய ரப்பர் வளையம் அங்கே இல்லவே இல்லை, தேய்ந்து போன தடயம்கூட இல்லை, போடாமலே அனுப்பியிருக்கிறார்கள். டேடோனாவில் பட்டனைத் திருகி மூடலாம், அது தண்ணீருக்காக வைத்த ஏற்பாடு. மலிவான காப்பியில் அந்தத் திருகு வளையம் சுற்றும், ஆனால் எதையும் மூடாது. டயலில் '100 மீட்டர்' என்று அச்சடிப்பதற்குச் செலவில்லை. காற்றழுத்தச் சோதனைக் கருவியில் வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும், அதைச் சோதிக்கும் கடைக்காரரிடம் கேட்டால் சில நிமிட வேலை.

904எல் ஸ்டீல் என்று சொல்லி விலை ஏற்றுவதற்கும் மயங்க வேண்டாம். 904எல்-இல் குரோமியம், நிக்கல், மாலிப்டினம் கூடுதல், செம்பும் உண்டு, உப்பை நன்றாகத் தாங்கும் என்பது உண்மை. ஆனால் கண்ணால் பார்த்தோ கையில் தூக்கியோ அதை 316எல்-இலிருந்து பிரிக்க முடியாது, சும்மா சொல்லிவிட்டுப் போகலாம். நல்ல வாட்ச் கம்பெனிகளில் பெரும்பாலானவை 316எல்-ஐத்தான் போடுகின்றன, ராயபுரத்து உப்புக் காற்றுக்கு அது போதும், வாரம் ஒரு முறை ஈரத்துணியால் துடைத்தால்.

இப்போது மறு பக்கம். அதே காசில், சொந்தப் பெயரோடு என்ன கிடைக்கும்?

எட்டு பத்தாயிரம் என்றால் என் தேர்வு மெக்கா குவார்ட்ஸ். செய்கோ குழுமத்தின் விகே63, விகே64 மெஷின்கள். நேரத்துக்கு பேட்டரி, குரோனோவுக்கு இயந்திர லீவர்கள். நீள முள் வினாடிக்கு ஐந்து அடியாக வழுக்கிக்கொண்டு போகும், கீழ் பட்டனை அழுத்தினால் மெதுவாகச் சுற்றித் திரும்பாமல் ஒரே நொடியில் பட்டென்று 12-க்கு வந்து நிற்கும், ஏனென்றால் உள்ளே நிஜமாகவே இதய வடிவ கேமும் சுத்தியலும் இருக்கின்றன. பட்டனை அழுத்தும்போது விரலுக்குத் தெரியும் உணர்வில் இருபதாயிரம் ரூபாய் காப்பியை இது தாண்டிவிடும் என்று தயங்காமல் சொல்வேன். ஒரு குறை: 3 மணிப் பக்கச் சின்ன டயல் 24 மணி நேரம் காட்டுவது மட்டும்தான், குரோனோவோடு அதற்குச் சம்பந்தமில்லை. கெட்டுப்போனால் முழு மெஷினையே சில ஆயிரத்தில் மாற்றிவிடலாம். பகானி டிசைன் மாதிரி சீன பிராண்டுகள் இந்த மெஷினை டேடோனா சாயலுள்ள கேஸில் வைத்து, டயலில் தங்கள் பெயரையே போட்டு விற்கின்றன. சாயல் கடன் வாங்கியதுதான், ஆனால் பெயரைத் திருடவில்லை. டேடோனா முகம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கும் தம்பிகளுக்கு இதைத்தான் காட்டுகிறேன்.

சீருக்கு என்று வந்தால் என் பதில் வேறு. மாப்பிள்ளை வீட்டில் யாராவது ஒருவர் நிச்சயம் வாட்சைத் திருப்பிப் பார்ப்பார், அங்கே டூப்ளிகேட் என்று தெரிந்தால் அந்தப் பேச்சு பெண்ணின் காதில் வருடக்கணக்கில் விழும். பத்திலிருந்து இருபத்தைந்தாயிரத்துக்குள் ஓசூரின் டைட்டன், கேசியோ எடிஃபைஸ், செய்கோ என்று கடையில் பில்லோடு குரோனோ எடுக்கலாம். பல மாடல்களில் 100 மீட்டர் தாங்கும், நம்பிப் போடலாம், பேட்டரிக்கும் வளையத்துக்கும் சேவை மையம் இருக்கிறது. உள்ளே இருக்கும் பொறியியல் சிலிர்க்க வைக்காது, உண்மைதான். ஆனால் இருபது வருடம் கழித்தும் மாப்பிள்ளை அதைக் கட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு.

உண்மையான இயந்திரக் குரோனோதான் வேண்டும், சுவிஸ் விலை கொடுக்க முடியாது என்பவர்களுக்கு இருபது இருபத்தைந்தாயிரம் வாக்கில் ஒன்று இருக்கிறது, இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் நிறுத்த மாட்டேன்: சீ-கல் எஸ்டி19. சுவிஸ் வீனஸ் 175 மெஷினைச் செய்யும் கருவிகளைச் சீனா வாங்கி, 1961-இல் 304 என்ற திட்டப் பெயரில் விமானப் படை விமானிகளுக்காகத் தியான்ஜினில் தொடங்கியது. அந்த வம்சம் இன்றும் ஓடுகிறது. கையால் சாவி கொடுக்க வேண்டும், மணிக்கு 21,600 துடிப்பு, தூண் சக்கரம் உண்டு. பின்பக்கம் கண்ணாடி வைத்த மாடலை வாங்கி, பட்டனை மெதுவாக அழுத்திக்கொண்டே உள்ளே பாருங்கள். நீலமாக மெருகேற்றிய தூண் சக்கரம் ஒரு படி திரும்பும். அதன் தூணிலிருந்து லீவரின் மூக்கு வழுக்கி இடைவெளியில் விழும். அந்த ஒரே அசைவில் பக்கத்துச் சக்கரம் நகர்ந்து வந்து பல்லோடு பல் சேரும். சேரும் கணத்தில் வினாடி முள் லேசாகத் துள்ளலாம், படுக்கைவாட்டுக் கிளட்சின் குணம் அது, குறையல்ல. குறை வேறு இடத்தில் இருக்கிறது: தண்ணீர் ஆகாது, ஐப்பசி மழையில் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வாங்கி ஓரிரு ஆண்டில் ஒரு முறை சர்வீஸ் செய்துவிட்டால் நீண்ட நாள் நிம்மதி. இதுவும் சீனத் தயாரிப்புதான், நகலாகத் தொடங்கியதுதான், ஆனால் காசு கொடுத்துக் கருவி வாங்கி, தன் பெயரில் செய்கிறார்கள். 7750 காப்பிக்கும் இதற்கும் விலை கிட்டத்தட்ட ஒன்றே, இரண்டையும் பக்கத்தில் வைத்து நான் இதைத்தான் எடுப்பேன்.

ஒன்றரை லட்சத்துக்கு மேல் சேர்க்க முடிந்தால் டிசோ, ஹாமில்டன். இரண்டிலும் 7750 வம்சத்தின் மேம்பட்ட மெஷின், 60 மணி நேரமாவது ஓடும், சேவை மையம் உண்டு. 4130 குளோனுக்கு ஐம்பதாயிரம் வைத்திருப்பவர் இன்னும் ஒன்றிரண்டு வருடம் பொறுத்தால் எட்டிவிடலாம். அந்தப் பொறுமைக்குப் பலன் இருக்கிறது. பழைய செய்கோ 6139-உம் அவ்வப்போது கைமாறி வரும், 1969-இல் வந்த ஆட்டோமேட்டிக் குரோனோ, அப்போதே தூண் சக்கரமும் செங்குத்து கிளட்சும் வைத்தது. ஆனால் நம் சந்தையில் டயலுக்குப் புதுப் பெயிண்ட் அடித்தவை அதிகம், தெரிந்தவர் இல்லாமல் போகாதீர்கள்.

ஏற்கெனவே 7750 காப்பி கையில் இருப்பவர்களுக்கு: தூக்கிப் போட வேண்டியதில்லை, ஓட்டலாம். முதல் வேலையாகப் பின்மூடிக்கும் இரண்டு பட்டனுக்கும் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று திறந்து பார்க்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் போடச் சொல்லுங்கள், பெரிய செலவில்லை. எண்ணெய் மாற்றும்போது கூடுதல் சக்கர அடுக்கையும் கழற்றித் துடைக்கச் சொல்லுங்கள். குரோனோவை நாள் முழுக்க ஓடவிட வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும்போது கீழ் பட்டனை அழுத்தாதீர்கள், முதலில் மேல் பட்டனால் நிறுத்திவிட்டுப் பிறகுதான் பூஜ்ஜியம். இரவு எட்டு மணியிலிருந்து விடிகாலை மூன்று வரை சாவியை இழுத்துத் தேதியை மாற்றாதீர்கள். அந்த நேரத்தில் தேதிச் சக்கரம் கடித்துக்கொண்டிருக்கும், பல் உடைந்தால் அந்தச் சக்கரத்துக்கு நான் டப்பா டப்பாவாகத் தேட வேண்டியிருக்கும்.